டீஃபால்ட் ரூட் கைவிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

வழிப்போக்கன்:

எல்லையில் இரண்டு ரவுட்டர்கள், ஆளுக்கொரு இணைய இணைப்பு. இரண்டுமே ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பரிமாறும் நெறிமுறை) வழியாக உள்ளே டீஃபால்ட் ரூட்டை, அதாவது வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் போகும் வழியை, அறிவிக்கின்றன. முதன்மை ரவுட்டரின் மெட்ரிக் (வழியின் செலவு எண், குறைந்ததே வெல்லும்) 1, மாற்று ரவுட்டரின் மெட்ரிக் 10. முதன்மை இணைப்பு அறுந்தால் போக்குவரத்து தானாகவே மாற்று வழிக்குத் தாவ வேண்டும். நான் பொறுப்பேற்ற ஒரு நெட்வொர்க்கில் அது தாவவே இல்லை. மாற்று இணைப்பு பழுதின்றிக் காலியாகக் கிடக்க, அத்தனை பேருக்கும் இணையம் நின்றுபோனது.

உள்ளே இருந்த ஒரு ரவுட்டரின் ரூட்டிங் டேபிளைப் பார்த்தேன். 0.0.0.0/0 (அதுதான் டீஃபால்ட் ரூட்), ஈ2 வகை (உள்ளே கடக்கும் தூரம் மெட்ரிக்கில் சேராத வெளி வழி), மெட்ரிக் 1, முதன்மை ரவுட்டரை நோக்கி. குறை சொல்ல ஒன்றுமில்லை. முதன்மை ரவுட்டருக்குள் போய் அதே கட்டளையைக் கொடுத்தால், மேலேயே 'கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் இஸ் நாட் செட்', அதாவது டீஃபால்ட் ரூட்டே இல்லை, என்று வந்து நிற்கிறது. தன்னிடமே இல்லாத வழியை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தது அந்த ரவுட்டர்!

காரணம் ஒரே சொல். 'டீஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' என்று மட்டும் எழுதினால், சிஸ்கோ ரவுட்டர் தன் டேபிளில் டீஃபால்ட் ரூட் இருக்கும்வரைதான் அதை டைப் 5 எல்எஸ்ஏவாக (வெளி வழிகளுக்கான ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பு) பரப்பும். இழந்தால் அறிவிப்பையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். பின்னால் 'ஆல்வேஸ்' என்று சேர்த்துவிட்டால், இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காது. ஒரே வாசல் உள்ள நெட்வொர்க்கில் இதனால் பெரிய கேடில்லை. இரண்டாவது வாசல் வந்த பிறகும் அந்தச் சொல்லை விட்டுவைப்பது ஆபத்து. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நீக்கியதும் மாற்று வழி உயிர்பெற்றது.

இராக்காவல்:

நண்பரே, 'ஆல்வேஸ்' இல்லாமலேயே எங்களுக்கு இதே கதி நேர்ந்தது. எங்களுடையது ஸ்டாட்டிக் (கையால் எழுதிவைத்த) டீஃபால்ட் ரூட். ரவுட்டருக்கும் சேவை நிறுவனத்துக்கும் நடுவில் ஒரு ஸ்விட்ச். கேபிள் அறுந்ததோ அந்த ஸ்விட்ச்சுக்கு அப்பால். ரவுட்டரின் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. போர்ட் விழாதவரை ஸ்டாட்டிக் ரூட் போகாது. அது போகாதவரை ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பும் நிற்காது.

டிராக்கிங் வைத்துச் சரிசெய்தோம். அப்பாலுள்ள ஒரு முகவரிக்குத் தொடர்ந்து பிங் போகும். பதில் வராவிட்டால் ஸ்டாட்டிக் ரூட் விலகும். செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த முகவரிக்கென்று தனியாக ஒரு /32 ரூட்டை முதன்மை இணைப்பு வழியாகவே போட வேண்டும். இல்லையென்றால், டீஃபால்ட் ரூட் மாற்று வழிக்குப் போனதும் பிங்கும் அவ்வழியே போய்ப் பதிலோடு வரும். இணைப்பு சரியாகிவிட்டதென்று எண்ணி ஸ்டாட்டிக் ரூட் திரும்பும், உடனே பிங் தோற்கும், மறுபடி விலகும். நாள் முழுக்க இப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

முடிந்தால் சேவை நிறுவனத்திடம் டீஃபால்ட் ரூட்டை பிஜிபி (நிறுவனங்களுக்கு இடையே வழிகளைப் பரிமாறும் நெறிமுறை) வழியாகவே கேட்டு வாங்குங்கள். செஷன் விழுந்தால் ரூட்டும் போய்விடும். ஆனால் சிஸ்கோவில் ஹோல்டு டைம் (மறுமுனையிலிருந்து சத்தமில்லாவிட்டால் செஷனை விழுத்தும் முன் காத்திருக்கும் நேரம்) 180 வினாடி. மாற்றாமல் விட்டால் மூன்று நிமிடம் இருட்டில் இருக்க நேரும். இரு தரப்பும் பிஎஃப்டி (இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டறியும் நெறிமுறை) வைத்துக்கொண்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

மின்கம்பி:

எங்களுடைய தொல்லை வேறு வகை. ஒரு /24 தொகுதி (256 முகவரிகள்) முழுவதையும் சேவை நிறுவனம் எங்களை நோக்கித் திருப்பியிருந்தது. நாங்கள் பயன்படுத்தியதோ அதில் ஒரு பகுதிதான். பயன்படுத்தாத முகவரிக்கு வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால், எங்கள் ரவுட்டரில் அதற்கென்று ரூட் இல்லை. மிஞ்சியிருப்பது டீஃபால்ட் ரூட், அதனால் வந்த வழியே திருப்பி அனுப்பும். அவர்கள் மீண்டும் எங்களிடமே தள்ளுவார்கள். டிரேஸ்ரூட் எடுத்தால் கடைசி வரிவரை இரண்டே முகவரிகள் மாறி மாறி வரும். டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் ஆயுள் எண்) தீரும்வரை ஒவ்வொரு பாக்கெட்டும் இணைப்பில் இப்படியே அலையும். யாராவது அந்தத் தொகுதியை வரிசையாகத் துழாவத் தொடங்கினால் இணைப்பே திணறிவிடும்.

அந்த /24ஐ நல் இன்டர்ஃபேஸுக்கு (வருவதையெல்லாம் கைவிடும் போலி வாசல்) காட்டும் ஒரு ஸ்டாட்டிக் ரூட்டில் எல்லாம் அடங்கியது. நுணுக்கமான (இன்னும் சிறிய பகுதிக்கான) ரூட் இருந்தால் அதுவே வெல்லும். இல்லாத முகவரிக்கான பாக்கெட் அங்கேயே வீழ்த்தப்படும்.

வழிப்போக்கனிடம் ஒரு கேள்வி: இரண்டு வாசலையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த விரும்பினால் ஈ2 போதுமா, ஈ1க்கு மாற வேண்டுமா?

வழிப்போக்கன்:

பெரும்பாலும் ஈ2வே போதும். ஈ2வில் வழிநெடுகச் செலவு ஏறாது என்பதால் அது தூரத்தையே பார்க்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு வாசலும் ஒரே மெட்ரிக்கில் அறிவித்தால், ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கு அருகிலுள்ள வாசலையே தேர்ந்தெடுக்கும். 1998இல் வந்த ஓஎஸ்பிஎஃப் தர ஆவணமான ஆர்எஃப்சி 2328இலேயே இந்த விதி இருக்கிறது. மெட்ரிக்கையும் உள்தூரத்தையும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால்தான் ஈ1 தேவை. அப்படி மாற்றினால் இரண்டு எல்லை ரவுட்டர்களையும் ஒரே பராமரிப்பு நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஒன்று ஈ1, மற்றொன்று ஈ2 என்று இருந்தால், மெட்ரிக் என்னவாக இருந்தாலும் ஈ1தான் வெல்லும். மொத்தப் போக்குவரத்தும் அந்த ஒரு வாசலிலேயே போய்க் குவியும்.