மெக்சிகோ ஸ்பானியத்தின் 'அவோரித்தா': ஆங்கிலத்தில் எப்படித் தருவது?

கேள்வி:
மெக்சிகோ நகரத்தில் நிகழும் ஒரு குறும்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாத்திரங்களைக் கழுவும்படி அம்மா சொல்ல, மகன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே 'அவோரித்தா' என்கிறான். அகராதி 'ரைட் நவ்' என்கிறது. ஆனால் இரவுக் காட்சியிலும் பாத்திரங்கள் அப்படியே கிடக்கின்றன. 'ரைட் நவ்' என்று எழுதினால் மகன் பொய்யனாகிவிடுகிறான்; ஸ்பானியத்தில் கேட்கும்போது அப்படித் தோன்றவில்லை. எது பொருந்தும்?

மறுமொழி 1:
'அவோரா' என்றால் 'இப்போது'. அதனுடன் சிறுமை விகுதி (சிறியது என்ற பொருள் தரும் ஒட்டு) சேர்ந்ததே இச்சொல். மெக்சிகோவில் அந்த விகுதி நேரத்தைச் சுருக்கவும் செய்யும், பேச்சின் கடுமையைக் குறைக்கவும் செய்யும் என்பதால், சொல்லை விட்டுவிட்டு உடன் வரும் வினையின் காலத்தைப் பாருங்கள். 'அவோரித்தா யேகோ' என்பது இறந்தகாலம். 'ஹி ஜஸ்ட் காட் ஹியர்' எனலாம். 'அவோரித்தா எஸ்தோய் கொமியெந்தோ' என்றால் சொல்பவர் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அங்கேதான் 'ரைட் நவ்' சரி. உங்கள் மகன் வினையே சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. 'இன் எ மினிட்' என்று போடுங்கள். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் அந்த ஒரு நிமிடமும் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. நம் வீட்டு 'இதோ வரேன்' போலத்தான்.

மறுமொழி 2:
மேலே சொன்னது மெக்சிகோவுக்குச் சரி. கதாபாத்திரம் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவராக இருந்தால் கணக்கே மாறும்: அங்கே இச்சொல் பெரும்பாலும் 'பிறகு' என்றே பொருள்படும் என்பதால் 'லேட்டர்' என்று எழுதத் தயங்க வேண்டாம். இன்னொன்று: தெருவில் பொருள் விற்பவரிடம் மெக்சிகோக்காரர் 'அவோரித்தா நோ, கிராசியாஸ்' என்றால் அது நாசூக்கான மறுப்பு. அதை 'நாட் ரைட் நவ்' என்று எழுதினால், அவர் திரும்பி வந்து வாங்குவார் என்று பார்வையாளர் காத்திருப்பார். 'நோ, தேங்க்ஸ்' போதும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இறுதிக் காட்சியில் மகன் பசிக்கிறது என்று வந்து நிற்கும்போது, அம்மா நாற்காலியை விட்டு எழாமல் அதே சொல்லை அவனுடைய குரலிலேயே திருப்பிச் சொல்கிறாள். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே தொடர் வந்தாக வேண்டும். 'இன் எ மினிட்' என்பதை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது.