மறு: கம்பேக்ஷனுக்கும் கன்சாலிடேஷனுக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

ரோலர் ஓட்டி மண்ணை அழுத்தும் கம்பேக்ஷனுக்கு ‘இறுக்கல்’, சுமையின்கீழ் களிமண் தண்ணீர் கசிந்து மெல்லச் சுருங்கும் கன்சாலிடேஷனுக்கு ‘இறுகல்’ என்று இந்த இழையில் ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார். இலக்கணப்படி அழகான இணைதான். முன்னதை நாம் செய்கிறோம், பின்னது மண்ணுக்குத் தானாக நடக்கிறது. பிறவினை, தன்வினை என்று பொருளும் சரியாகப் பிரிகிறது. ஆனாலும் மலேசியாவின் தெலுக் இந்தானில் மண் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் ஒற்று. சேற்றுக் கையோடு எழுதும் பதிவேட்டிலும், ரோலர் சத்தத்துக்கு மேலே தொலைபேசியில் கத்திச் சொல்லும் முடிவிலும் அந்த ஒற்று தங்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் குழப்பத்தின் விலையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கோயிலுக்கு மண்டபம் எழுப்பினார்கள். தாழ்வான நிலம், அடியில் ஆழமான களிமண். லோரி லோரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கி, அடுக்கடுக்காக ரோலர் ஓட்டினார்கள். ஒவ்வோர் அடுக்கின் அடர்த்தியையும் சோதித்ததில் எல்லாம் 95 விழுக்காட்டுக்கு மேல் (இந்த எண் எப்படி வருகிறது என்று பிறகு சொல்கிறேன்). ‘மண் டெஸ்ட் பாஸ்’ என்று நிர்வாகக் குழு நிம்மதியானது. தூண்கள் பைல் மேல், அதாவது ஆழமாக இறக்கிய அடித்தளக் கம்பங்கள் மேல் நின்றன. தரையோ நேராக மண்மேல் கிடந்தது. கொஞ்ச காலத்தில் தரை ஓடுகள் பிளந்தன. வாசற்படிக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. குழுத் தலைவர் என்னிடம், “தம்பி, மண்ணை இறுக்கியாச்சுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?” என்று கேட்டார். நாங்கள் சோதித்த செம்மண் அன்று இருந்தபடியேதான் இருந்தது. இறங்கியது அதற்குக் கீழே இருந்த களி. அதைச் சோதிக்கும்படி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெரியவருக்கு இதை விளக்க எனக்குத் தமிழில் இரண்டு சொல் தேவைப்பட்டது. இருந்தது ஒன்றுதான்.

சொல்லுக்கு வருமுன் வேலையைப் பார்ப்போம். மண்ணில் இருப்பது மூன்று: மணிகள், அவற்றுக்கு இடையே தண்ணீர், காற்று. கம்பேக்ஷனில் காற்றை வெளியேற்றுகிறோம். ரோலர் போய்வரும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஈரம் எவ்வளவு இருந்தால் மண் நன்றாகப் படியும் என்பதை முறைப்படி அளந்து காட்டியவர், கலிபோர்னியாவில் அணைகள் கட்டிய ரால்ஃப் பிராக்டர். 1933இல் அவர் எழுதியது இன்றும் அவர் பெயரிலேயே சோதனையாக நடக்கிறது. பிஎஸ் 1377 என்னும் பிரிட்டிஷ் தர முறைப்படி, ஒரு லிட்டர் அச்சில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, 2.5 கிலோ இடிகட்டையை 300 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அடுக்குக்கு 27 தடவை விடுவோம். கனமான முறையில் 4.5 கிலோ, 450 மில்லிமீட்டர், ஐந்து அடுக்கு. ஈரத்தை மாற்றி மாற்றிச் செய்து வரைந்தால் மேடு போல ஒரு கோடு வரும். அதன் உச்சிதான் உகந்த ஈரம். புட்டு மாவு பிசைந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் குறைந்தால் உதிரும், கூடினால் களியாகும்.

களத்தில் சாண் ஆழக் குழி தோண்டி, தோண்டிய மண்ணைச் சிந்தாமல் பையில் கட்டி எடை போடுவோம். பிறகு அந்தக் குழிக்குள் அடர்த்தி தெரிந்த உலர்மணலை உருளையிலிருந்து விடுவோம். எவ்வளவு மணல் பிடித்தது என்பதிலிருந்து குழியின் கொள்ளளவு கிடைக்கும். மண்ணை 105 பாகையில் அடுப்பில் காயவைத்து ஈரத்தைக் கழித்தால் உலர் அடர்த்தி. அது கூடத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் எத்தனை விழுக்காடு என்பதுதான் அந்த 95. (எந்தக் கட்டையால் இடித்துக் கிடைத்த உச்சம் என்று கேட்காமல் இந்த எண்ணை நம்ப வேண்டாம். கட்டை கனத்தால் உச்சமும் உயரும்.)

கன்சாலிடேஷன் முற்றிலும் வேறு. இங்கே மண் முழுக்க நனைந்திருக்கிறது. வெளியேற்றக் காற்றே இல்லை. மேலே சுமை ஏறியதும் அதை முதலில் தாங்குவது மணிகளுக்கு நடுவே உள்ள தண்ணீர்தான். அது களிமண்ணின் நுண்ணிய துளைகள் வழியே கசிந்து விலக விலக, சுமை மணிகள் மேல் இறங்குகிறது, மண் சுருங்குகிறது. 1925இல் பொறியாளர் கார்ல் டெர்சாகி இதைக் கணக்காகவே எழுதிக் கொடுத்தார். சோதனையில் 75 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள களிமண் வில்லை ஒன்றை வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் நுண்துளைக் கல் பதித்து, தண்ணீரில் அமிழ்த்தி எடை ஏற்றுவோம். நாளுக்கு ஒருமுறை எடை இரட்டிப்பாகும். கடிகார முள் போன்ற அளவுமானி முதலில் விறுவிறுவென நகரும். பிறகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

இதில் பலருக்குப் பிடிபடாதது காலம். ஆகும் நேரம், தண்ணீர் வெளியேறப் போக வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வில்லையில் அந்தத் தூரம் 10 மில்லிமீட்டர். மேலும் கீழும் மணல் உள்ள 10 மீட்டர் களிமண் படுகையில் அது 5 மீட்டர், அதாவது 500 மடங்கு. வில்லைக்கு ஒரு மணி நேரம் ஆனால் படுகைக்கு 250,000 மணி நேரம், 28 ஆண்டுக்கும் மேல். ரோலரால் இதை விரைவுபடுத்த முடியாது. அதன் வேலை காலடி அடுக்கோடு சரி. அதனால்தான் மென்களியில் சாலை போடும்போது ஒன்று, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் செங்குத்தாக வடிகால் பட்டைகளைச் செருகி, மேலே கூடுதல் மண்ணைச் சுமையாக ஏற்றிக் காத்திருக்கிறார்கள். போக வேண்டிய தூரம் குறைந்ததும் ஆண்டுக் கணக்கு மாதக் கணக்காகிறது. எங்கள் ஊர் நடுவே 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் நிற்கிறது. வெளியே எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே தளம் மூன்றுதான். தண்ணீர்த் தொட்டியாகவும் பயன்பட்டது. மென்மண்ணில் ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களை அங்கேதான் கூட்டிப் போவேன்.

சரி, சொற்கள். ‘ஒருங்கிணைப்பு’ வேண்டவே வேண்டாம். அது கன்சாலிடேஷனை அகராதியில் பார்த்து எடுத்தது, மண்ணைப் பார்த்து எடுத்ததல்ல. ‘திடப்படுத்தல்’ சிமெண்ட் கலந்து மண்ணை வலுப்படுத்தும் வேலைக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டு நண்பர் கம்பேக்ஷனுக்குச் சொன்ன ‘திமிசு’ (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொத்தனார் கையில் இன்றும் திமிசுக்கட்டை இருக்கிறது. ஆனால் ரோலர் உருட்டுவதையும் அதிர்வதையும் திமிசு போடுவது என்று சொல்ல முடியாது. சோதனைக் கூடத்து இடிகட்டைக்கே அந்தப் பெயரைக் கொடுத்துவிடலாம்.

மலாயில் முன்னதற்குப் பெமாடாத்தான், பின்னதற்குப் பெங்குகோஹான். வேறு வேறு வேர்கள். களத்தில் மலாயில் பேசும்போது எங்களுக்கு இந்தக் குழப்பம் வருவதே இல்லை. தமிழிலும் வேர்கள் பிரிய வேண்டும் என்பதே என் கட்சி.

கம்பேக்ஷனுக்குக் ‘கெட்டிப்பு’. மண்ணைக் கெட்டியாக்கு என்றால் யாருக்கும் புரியும். கெட்டிப்புச் சோதனை, களக் கெட்டிப்பு, கெட்டிப்பு விழுக்காடு எல்லாம் தடையின்றி வருகின்றன.

கன்சாலிடேஷனுக்கு ‘வடியிறுக்கம்’. வடிவதால் வரும் இறுக்கம். தண்ணீர் போவது சொல்லுக்குள்ளேயே இருப்பதால், கேட்டவர் “எது வடியணும், எவ்வளவு நாள் ஆகும்?” என்று தானே கேட்பார். அந்தக் கோயில் குழுவில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் இன்றும் ஆதங்கப்படுகிறேன். ஐயாவின் ‘இறுகு’ என்ற வேரும் இதில் வாழ்கிறது. கிளைச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன்: வடியிறுக்கக் கெழு (கோயெஃபிஷியன்ட் ஆஃப் கன்சாலிடேஷன்), வடியிறுக்கமானி (மேலே சொன்ன வில்லைச் சோதனைக் கருவி), முன்வடியிறுக்க அழுத்தம் (களி முன்பு தாங்கிய மிகப் பெரிய அழுத்தம்), மிகைவடியிறுக்கக் களி (இப்போதையதைவிடப் பெரிய சுமையை முன்பு தாங்கிய களி). கடைசி இரண்டும் நீளம்தான். ஆனால் அவை அறிக்கையில் மட்டும் வரும், வாயில் வராது.

‘வடியிறுக்கம்’ கம்பேக்ஷனுக்கும் பொருந்தாதா, அங்கேயும் ஈரம் இருக்கிறதே என்று ஜொகூர் அண்ணன் கேட்டிருந்தார். பொருந்தாது அண்ணா. கெட்டிப்பில் ஈரம் வடிவதில்லை. குறைவாக இருந்தால் நாம்தான் தண்ணீர் தெளிக்கிறோம்.

மண் தாழ்ந்து போகும் செட்டில்மெண்டுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘மண் இறங்கிடுச்சு’ என்றுதான் ஊரே சொல்கிறது. ‘இறக்கம்’ போதும். சாலை ஓரத்துச் சாய்வை ‘இறக்கம்’ என்னாமல் ‘சரிவு’ என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஒன்று பாக்கி. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் அடியில் இருப்பது களி அல்ல, மலாயில் தானா காம்புட் என்னும் மட்கிய மரமும் வேருமான மண். அதில் தண்ணீர் வடிந்த பிறகும் இறக்கம் நிற்காது, மெல்ல மெல்லத் தொடரும். அதை வடியிறுக்கத்தில் அடக்கக் கூடாது. ‘தொடரிறக்கம்’ என்று வைக்கலாமா? தோட்டச் சாலைப் பராமரிப்பில் இருப்பவர்கள் அங்கே வழங்கும் சொல் ஏதாவது இருந்தால் முதலில் அதை எழுதுங்கள். இருந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.