மீனுக்குள் ஏறும் நஞ்சு: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மேலூர்:
கண்மாய்க் குத்தகைக்காரர், ஆய்வகப் பயிற்சியாளர் இருவருக்கும் ஒரே கையேடு. திங்கள் அச்சுக்குப் போகிறது. டிடிடி என்ற பூச்சிமருந்து வேளாண்மைக்கு 1989-இல் தடையானாலும் வண்டலில் கிடக்கிறது. மிதவை உயிரி, சிறுகெண்டை, விரால் என ஒன்றையொன்று தின்னத் தின்ன உடலில் அதன் செறிவு கூடுகிறது. இதற்கு வரைவில் உள்ள சொல் 'உயிரிப்பெருக்கம்'. குத்தகைக்காரர்களிடம் படித்துக் காட்டினால் "மீன் பெருகுனா நல்லதுதானே?" என்பார்கள்.

தெப்பக்குளம்:
'நஞ்சேற்றம்'. விஷம் தலைக்கேறுகிறது, சுவரில் உப்பேறுகிறது. படிப்படியாய் உயர்வது வினையிலேயே இருக்கிறது. ஏண் என்றாலும் உயர்வு, ஏணியும் அங்கிருந்துதான். கிணற்று ஏற்றத்தையும் பாருங்கள்...

சோழவந்தான்:
ஐயா, ஏணியை இறக்கி வையுங்கள். யாரோ ஊசியில் ஏற்றியதுபோல் ஒலிக்கிறது. தவிர, வழி இரண்டு: நீரிலிருந்து செவுள்வழி சேர்வது ஒன்று, இரைவழி கூடுவது இன்னொன்று. முன்னதற்கு 'நஞ்சூறல்', பின்னதற்கு 'இரைவழி நஞ்சேற்றம்'. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்துக்கு இரண்டாவதைப் போடாதீர்கள். அது நீரில் எளிதில் கரைவது. கொழுப்பில் தங்கி அடுக்கடுக்காய் ஏறாது.

தெப்பக்குளம்:
ஊறல் என்றால் நம்மூரில் வேறு பொருள், அம்மா. போலீஸ் தேடி வரும்.

மேலூர்:
மீனில் எஞ்சுவதை 'மருந்தெச்சம்' எனலாமா? வயலில் மருந்தடிக்கிறோம் என்றுதானே பேச்சு.

சோழவந்தான்:
பண்ணைமீனுக்கு நோய்க்குக் கொடுப்பதும் மருந்துதான். அதன் எச்சம் தனிச்சோதனை. 'பூச்சிமருந்து எச்சம்' என்று முழுதாக எழுதுங்கள்.

தெப்பக்குளம்:
கொல்வதை மருந்தென்பதா? பூச்சிக்கொல்லி! எச்சம் சரி, 'எச்சத்தாற் காணப் படும்' என்று குறளே (114) சொல்கிறது. பூச்சி செத்தபிறகும் வேலை முடியாததால் வினையெச்சம் இன்னும் பொருத்தம்.

திருமங்கலம்:
சொல்லை விடுங்கள், கையேட்டின் ஆய்வகச் செய்முறையில் தப்பு இருக்கிறது. 'மீன் மாதிரி 10 கிராம்' என்றால் மீனைப்போல ஏதோ ஒன்று என்றாகும். 'அரைத்த மீன்சதை 10 கிராம்' என்று எழுதுங்கள். அசிட்டோநைட்ரைல் 10 மில்லி விட்டுக் குலுக்கியபின் நீரற்ற மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம். போட்டவுடன் மறுபடி குலுக்காவிட்டால் கட்டிதட்டிவிடும். பிளாஸ்டிக் பையில் மீனைக் கொண்டுவந்தால் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் கசிந்து, எச்சத்தை அளக்கும் எலக்ட்ரான் கவர் உணரியில் பொய்முகடு காட்டும், இல்லாத நஞ்சு இருப்பதுபோல். அலுமினியத் தாளில் சுற்றட்டும். முடிவில் 'ஈர எடை' (உலர்த்தாத சதை), 'கொழுப்பு எடை' (அதிலுள்ள கொழுப்பு மட்டும்) எதுவென்று கட்டாயம் குறிக்கவேண்டும். 2% கொழுப்புள்ள மீனில் ஈர எடைக்குக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்பது கொழுப்பு எடைக்கு 1 மில்லிகிராம். ஐம்பது மடங்கு!

மேலூர்:
நஞ்சேற்றம், பூச்சிமருந்து எச்சம் இரண்டையும் ஏற்றாயிற்று. செவுள்வழிக்கு இப்போதைக்கு 'நீர்வழிச் சேர்மானம்'.

தெப்பக்குளம்:
சேர்மானம் சமையல் சொல். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். பூச்சிக்கொல்லிக்கும் சேர்த்து.