அம்மாவின் நோட்டில் உள்ள ரோஜாச் சதுரம் கிண்ணம்போல் குவிகிறது. எங்கே தவறு?

பாளை_ரோஜா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு டீப்பாய் விரிப்பு இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்னால் அம்மா குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், பின்னியது. 20ஆம் நம்பர் வெள்ளை நூல். நடுவில் இரண்டு அடுக்கு ரோஜா, அதைச் சுற்றிச் சதுரம். அப்படி நீளத்துக்கு 12, அகலத்துக்கு 8, மொத்தம் 96 சதுரங்கள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் பீரோவுக்கு மேலே இருந்த துணிமூட்டையில் எலி புகுந்து, விரிப்பின் ஒரு மூலையில் ஐந்து சதுரங்களைக் கடித்துவிட்டது. அந்த ஐந்தையும் அதே மாதிரி பின்னி வைக்க வேண்டும்.

அம்மாவின் கோடு போட்ட நோட்டு என்னிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் கான்வென்ட்டில் ஒரு சிஸ்டரிடம் தையல் வகுப்புக்குப் போனபோது எழுதியது. இந்த ரோஜா இருக்கும் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

8 ச. சேர். வளையத்துள் 1 ட்ரெ 3 ச. 8 தடவை.
ஒவ்வொரு கண்ணிலும் 1 ட, 1 அ.ட்ரெ, 3 ட்ரெ, 1 அ.ட்ரெ, 1 ட. 8 இதழ்.
பின்பக்கம் 5 ச, காலைப் பிடி. 8 தடவை.
கண்ணில் 1 ட, 1 அ.ட்ரெ, 5 ட்ரெ, 1 அ.ட்ரெ, 1 ட.
பின்பக்கம் 7 ச, காலைப் பிடி. 8 தடவை.
மூலைக் கண் 5 ட்ரெ 3 ச 5 ட்ரெ. பக்கக் கண் 7 ட்ரெ. இடையில் 1 ச.
பிறகு ட்ரெ மேல் ட்ரெ, மூலையில் 2 ட்ரெ 3 ச 2 ட்ரெ. 2 வரி.

நான் குரோஷா கற்றது ஒன்றரை வருடமாக யூடியூபில், பெரும்பாலும் அமெரிக்கப் பெண்கள் போடும் வீடியோக்களில். அதனால் ச என்றால் சங்கிலி, ட என்றால் டபுள், ட்ரெ என்றால் அதைவிட உயரமான ட்ரெபிள் என்று எடுத்துக்கொண்டேன். அ.ட்ரெ அரை ட்ரெபிளாக இருக்க வேண்டும். ஆனால் நான் பார்க்கும் வீடியோ எதிலும் அப்படி ஒன்று இல்லை. அதனால் டபுளுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவில் ஓர் உயரமாகப் போட்டேன்.

அம்மாவின் சதுரம் சரியாக 7 சென்டிமீட்டர், மேசையில் வைத்தால் காகிதம்போலப் படிந்து கிடக்கிறது. என்னுடையது 9 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது, நான்கு மூலையும் மேலே தூக்கி, கிண்ணம் மாதிரி குவிகிறது. இதழும் ரோஜா மாதிரி நெருக்கமாக இல்லை, செம்பருத்தி மாதிரி நீண்டு தொங்குகிறது. 1.25 ஊசியை விட்டு 1 எம்எம் ஊசியில் போட்டேன். கொஞ்சம் சிறுத்தது, குவிவது மட்டும் நிற்கவில்லை. இஸ்திரி போட்டால் படிகிறது, மறுநாள் காலை மறுபடி தூக்கிக்கொள்கிறது. ஆறு சதுரம் பின்னிப் பிரித்தாயிற்று.

கடித்த வரிசையை வெட்டி எடுத்துவிட்டு, விரிப்பைச் சிறிதாக்கிவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அம்மா நோட்டில் எண்ணிக்கையைத் தவறாக எழுதியிருப்பாரோ? யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

பின்னல்_நாகர்கோவில்:

தங்கச்சி, அம்மா எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை. நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

விஷயம் இதுதான். ட்ரெபிள் என்ற ஒரே பெயரை இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பின்னலுக்கும், அமெரிக்கர்கள் அதைவிட உயரமான இன்னொரு பின்னலுக்கும் வைத்திருக்கிறார்கள். கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் இங்கிலாந்து முறை. நானும் அப்படித்தான் கற்றேன், 38 வருடம் ஆகிறது. நீங்கள் பார்க்கும் வீடியோ அமெரிக்க முறை. அம்மாவின் ட, உங்கள் வீடியோவின் சிங்கிள். அம்மாவின் அ.ட்ரெ, வீடியோவில் ஹாஃப் டபுள். அம்மாவின் ட்ரெ, வீடியோவின் டபுள். எல்லாம் ஒரு படி கீழே இறங்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், இரண்டு பேரும் எண்ணுவது வேறு. இங்கிலாந்து முறையில் ஊசியின் மேல் எத்தனை கண்ணி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இருந்தால் டபுள், மூன்று இருந்தால் ட்ரெபிள். அமெரிக்க முறையில், ஊசியைக் குத்தி நூலை எடுத்த பிறகு எத்தனை தடவை சுற்றி இழுத்து முடிக்கிறோம் என்று பாருங்கள். ஒரு தடவை என்றால் சிங்கிள், இரண்டு தடவை என்றால் டபுள். பின்னல் ஒன்றுதான், எண்ணுகிற இடம்தான் வேறு.

நோட்டை ஒரு தடவை முழுக்கப் புரட்டிப் பாருங்கள். எங்காவது சிங்கிள் என்று இருக்கிறதா? இருக்காது. இங்கிலாந்து முறையில் இந்தப் பின்னல்கள் எதற்கும் சிங்கிள் என்று பெயர் கிடையாது. அரை ட்ரெபிள் என்ற பெயர் அமெரிக்க முறையில் பொதுவாகக் கிடையாது. நீங்களே அதை வீடியோவில் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருந்தது.

கிண்ணம் ஆனதற்கும் இதுதான் காரணம். பின்னல் உயரமானால் வட்டம் சீக்கிரம் அகலும். அகலுகிற அளவுக்கு விளிம்பில் எண்ணிக்கையும் கூட வேண்டும். அமெரிக்கக் கணக்கில் தட்டையான வட்டத்துக்கு, சிங்கிள் என்றால் சுற்றுக்கு 6 கூட்டுவோம், டபுள் என்றால் 12, ட்ரெபிள் என்றால் 16 முதல் 18 வரை. சதுரத்துக்கு மூலையில் 2, 2 என்று போட்டால் பக்கத்துக்கு 4, சுற்றுக்கு 16 கூடும். டபுள் போட்டால் அது சரியாகப் படியும். நீங்கள் அதே எண்ணிக்கையில் ட்ரெபிள் போட்டீர்கள். விளிம்புக்கு நீளம் போதவில்லை, அதனால் மூலையை மேலே இழுத்துக்கொண்டது. இஸ்திரி அதை என்ன செய்ய முடியும்?

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். எலி கடித்த சதுரம் ஒன்றைக் கறுப்புத் துணிமேல் வைத்து, வெளிச்சத்தில் கடைசி வரியைப் பாருங்கள். ஒவ்வொரு பின்னலின் காலிலும் நூல் சாய்வாகக் குறுக்கே ஓடியிருக்கும். ஒரு சாய்வுக்கோடு இருந்தால் அமெரிக்க டபுள். இரண்டு இருந்தால் அமெரிக்க ட்ரெபிள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஊசி 1.25 போதும். 1க்குப் போக வேண்டாம், 20ஆம் நம்பர் நூல் அதில் பிரியும்.

நூல்கண்டு_82:

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். எனக்கும் ஒரு பழைய இங்கிலாந்துப் பத்திரிகையின் மாதிரியில் இதே குழப்பம் வந்து, தொப்பி ஒன்று பாத்திரம் மூடுகிற அளவுக்குப் பெரிதாக வந்தது.

இந்த அடுக்கு ரோஜா ஐரிஷ் ரோஜா என்று சொல்லப்படுவது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களில் பெண்களுக்குக் குரோஷா லேஸ் சொல்லிக்கொடுத்தார்கள். அதை விற்று எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டன. முன் இதழுக்குப் பின்னால் சங்கிலி போட்டு அடுத்த இதழை எழுப்புகிற வேலை அந்த லேஸில்தான் பேர் பெற்றது. உங்கள் அம்மா ஒரு சிஸ்டரிடம் அதைக் கற்றார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

நிறத்தைப் பற்றி ஒன்று. பழைய விரிப்பு இந்நேரம் பழுப்பேறியிருக்கும், புது நூல் பளீரென்று தனியாகத் தெரியும். பின்னி முடித்த சதுரத்தைப் பால் சேர்க்காத இளம் டீத்தண்ணீரில் முக்குங்கள். முதலில் ஒரு சாண் நூலை முக்கி, நன்றாகக் காய்ந்த பிறகு பழையதோடு ஒட்டிப் பாருங்கள். ஈரத்தில் நிறம் கூடுதலாகத் தெரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். லேசாகவே நிறுத்துங்கள். போதவில்லை என்றால் இன்னொரு முறை முக்கலாம், கூடிப்போனால் எடுப்பது கஷ்டம்.

சிங்காநல்லூர்_சுகன்யா:

நான் பழைய விரிப்பு நான்கைந்து சரிசெய்திருக்கிறேன். சதுரம் பின்னுவதைவிடப் பழையதைப் பிரித்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

கத்தரியைத் தொடுவதற்கு முன், விரிப்பைத் திருப்பிப் போட்டு இரண்டு சதுரம் சேரும் இடத்தைப் பாருங்கள். தையலூசியால் தைத்துச் சேர்த்திருந்தால் கவலையில்லை, அந்த நூலை மட்டும் வெட்டினால் சதுரம் கழன்று வரும். கடைசி வரி பின்னும்போதே பக்கத்துச் சதுரத்தில் கொக்கி மாட்டிச் சேர்த்திருந்தால் கதை வேறு. சேர்த்த கண்ணி பிந்திப் பின்னிய சதுரத்தின் நூலாக இருக்கும். கடிபட்டது அந்தச் சதுரம் இல்லை என்றால், தெரியாமல் வெட்டினால் நல்ல சதுரம் அவிழத் தொடங்கும்.

எதுவானாலும் முதலில் சிவப்பு நூல் கோத்த ஊசியை, பக்கத்து நல்ல சதுரங்களின் விளிம்புக் கண்ணிகள் எல்லாவற்றிலும் நுழைத்து வையுங்கள். பிறகு கடிபட்டதை அதன் நடுவிலிருந்து வெட்டி வெளியே வாருங்கள், ஓரத்திலிருந்து தொடங்க வேண்டாம். புதியதைப் பொருத்தி முடித்ததும் சிவப்பு நூலை உருவிவிடலாம்.

இன்னொன்று, புதுச் சதுரத்தை நனைத்துக் காயவைத்த பிறகுதான் அளக்க வேண்டும். பருத்தி நூல் முதல் தண்ணீரில் கொஞ்சம் சுருங்கும்.

பாளை_ரோஜா:

நாகர்கோவில் அக்கா, ஒரே ஒரு சாய்வுக்கோடுதான்! லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் சதுரத்தில் இரண்டு இருக்கிறது. நோட்டு முழுக்கத் தேடினேன், சிங்கிள் என்ற வார்த்தை ஓரிடத்திலும் இல்லை.

அப்புறம், அம்மாவோடு அந்த வகுப்புக்குப் போன பெரியம்மாவுக்கு போன் போட்டேன். அவர் ஊசியைத் தொட்டே 20 வருடம் இருக்கும். ட்ரெபிள் என்றால் என்ன பெரியம்மா என்று கேட்டதுதான் தாமதம், "ஊசியில மூணு கண்ணி நிக்கணும், ரெண்டு ரெண்டா இறக்கணும்" என்றார். சிஸ்டர் அப்படிப் பாட்டு மாதிரி சொல்லவைப்பாராம்.

நேற்று இரவே 1.25 ஊசியில் போட்டேன். முதல் அடுக்கு இதழ் முடிந்ததுமே தெரிந்துவிட்டது. சின்னதாக, நெருக்கமாக, ஓரம் லேசாகச் சுருண்டு நின்றது. கடைசி வரியில் பக்கத்துக்கு மூலைச் சங்கிலியை விட்டு எண்ணினால் எனக்கும் 27, அம்மாவுக்கும் 27. நனைத்து, தெர்மாகோல் அட்டையில் துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவைத்தேன். 7 சென்டிமீட்டருக்கு ஒரு நூல்தான் குறைவு. குண்டூசியை எடுத்த பிறகும் படிந்தே கிடக்கிறது.

சுகன்யா, எங்களுடையது கொக்கி மாட்டிச் சேர்த்ததுதான். நீங்கள் சொல்லாவிட்டால் நேரே வெட்டியிருப்பேன். சிவப்பு நூல் இன்றைக்குக் கோக்கிறேன். நீளவாட்டில் ஓரத்தில் இருக்கும் மூன்றுக்குக் கவலையில்லை, உள்ளே இருக்கும் இரண்டுதான் நான்கு பக்கமும் சேர்ந்திருக்கிறது. அதைக் கடைசியில் எடுக்கட்டுமா, முதலில் எடுக்கட்டுமா?

சிங்காநல்லூர்_சுகன்யா:

உள்ளே இருக்கும் இரண்டையும் முதலில் பொருத்துங்கள். ஓரத்துச் சதுரங்கள் இருந்த இடம் அப்போது திறந்திருக்கும், ஊசி தாராளமாகத் திரும்பும். ஐந்தையும் வெட்டிய பிறகு அந்த இடத்தை வெறும் ஓட்டையாக விடாதீர்கள், ஓரம் இழுபட்டு அளவு மாறிவிடும். கீழே ஒரு கெட்டித் துணியை வைத்து, சுற்றியுள்ள நல்ல சதுரங்களை அதில் ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்னல்_நாகர்கோவில்:

27 என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது தங்கச்சி. எல்லாம் பொருத்தி முடிந்ததும் விரிப்பு முழுவதையும் ஒன்றாக நனைத்து, நீர்த்த ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, பாயில் விரித்து நிழலில் காயவையுங்கள். கஞ்சியை வடிகட்டிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் ரோஜாவின் இதழிடுக்கில் கட்டி தங்கிவிடும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பூவிலும் மேல் அடுக்கு இதழை விரல் நுனியால் தூக்கிவிடுங்கள். 96 பூவுக்கும் செய்ய வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும்.

பாளை_ரோஜா:

செய்கிறேன் அக்கா. பெரியம்மாவை அதற்கு வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது மூன்றாவது சதுரம் ஊசியில் இருக்கிறது.