கிணற்றடி வீட்டார்

கார்த்தி: பெரியப்பா பணி ஓய்வு விழாவுக்கான ஆங்கில வாழ்த்து மடல் நாளை காலை அச்சகத்துக்குப் போகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் இரவுக்குள் சொல்லுங்கள்.

சரோஜா அத்தை: மூன்றாம் வரியில் 'க்ளெய்ம்' எதற்கு? அண்ணன் இன்சூரன்ஸ் எதுவும் கேட்கவில்லையே.

பாலு சித்தப்பா: இன்சூரன்ஸ் இல்லை. நிலமாக இருக்கும்.

கார்த்தி: சித்தப்பா! அது 'லே க்ளெய்ம் டு', உரிமை கொண்டாடுவது. 'ஹி லேஸ் க்ளெய்ம் டு பி ஆனஸ்ட்' என்று நேர்மையைப் பற்றிய வரி.

ராமநாதன் மாமா: பொறுங்கள், சொல்கிறேன். சொத்துக்கோ அரியணைக்கோ உரிமை கொண்டாடுவதற்கு அந்தச் சொல். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் 1340இல் பிரான்சுக்கும் தானே அரசன் என்று பட்டம் சூட்டிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பட்டத்தை 1801இல்தான் விட்டார்கள். குணத்துக்கும் இதே சொல்தான். பேச்சில் அதிகம் வராது. மடல், மேடை, தலையங்கம் ஆகியவற்றுக்கான நடை.

சரோஜா அத்தை: பாடம் தொடங்கிவிட்டது.

பாலு சித்தப்பா: 461 ஆண்டா? நம் கிணற்றுப் பங்குத் தகராறு இன்னும் கைக்குழந்தை.

விஜயா அண்ணி: மறுபடி கிணறா? சமையற்காரர் கேட்கிறார், 80 இலையா, 100 இலையா?

ராமநாதன் மாமா: கார்த்தி, 'டு பி' என்று போட்டிருக்கிறாய். தவறு. அந்த 'டு' நம் நான்காம் வேற்றுமைக் 'கு' மாதிரி. அதன் பின் பெயர்ச்சொல் வர வேண்டும், இல்லையென்றால் 'பீயிங்'. முன்னால் 'கேன்' சேர். அப்போதுதான் 'சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ளவர்' என்று பொருள். அது இல்லாவிட்டால், நேர்மையானவன் என்று அவரே சொல்லிக்கொள்கிறார், நமக்குத் தெரியாது என்றாகிவிடும்.

பாலு சித்தப்பா: அப்படியே இருக்கட்டும்.

சரோஜா அத்தை: பாலு!

விஜயா அண்ணி: 80ஆ, 100ஆ?

சரோஜா அத்தை: 100 சொல். போன முறை பாயசம் பாதிப் பந்தியில் தீர்ந்தது. யாரால் என்று நான் சொல்லவில்லை.

ராமநாதன் மாமா: இன்னொன்று. தன்னைப் பற்றிச் சொல்லும்போது இதை எதிர்மறையில் சொல்வதே அழகு. 'புலமைக்கு நான் உரிமை கொண்டாடவில்லை' என்பது போல. அடக்கம் தெரியும்.

சரோஜா அத்தை: நீங்கள் அப்படிச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லையே.

கார்த்தி: 'கேன்', 'பீயிங்' இரண்டும் சேர்த்துவிட்டேன். அனுப்பலாமா?

பாலு சித்தப்பா: 'நேர்மை' வேண்டாம், 'காலம் தவறாமை' என்று போடு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். என் இனிஷியல் 'எஸ்' இல்லை, 'கே'. தாத்தா பெயருமா மறந்துவிட்டது?

கார்த்தி: மன்னியுங்கள் பெரியப்பா, திருத்துகிறேன். நேர்மையா, காலம் தவறாமையா?

விஜயா அண்ணி: 100 என்று சொல்லிவிட்டேன். பாயசத்துக்குப் பால் யார் வாங்குவது?