புதுப்பிப்பு: கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கான மின்மாற்றி முடிவாகிவிட்டது

இரண்டு இஎல்84, இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகளுடன் (வெற்றிடக் குழாய்களுடன்) நான் வீட்டில் கட்டிவரும் ஆம்ப்ளிஃபையருக்கு, 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் எனக் குறிக்கப்பட்ட பழைய மின்மாற்றி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது. சிங்கப்பூரின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் இரும்பு உள்ளகத்தின் காந்தப் பாயம் வடிவமைத்த அளவைவிட ஏறத்தாழ 25 சதவீதம் உயர்வதால், சுமையே இல்லாதபோதும் அது சூடாகி முனகியது. வால்வுகளைச் சூடாக்கும் இழைகளுக்கு மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.12 ஆம்பியர் தேவை. அந்தப் பழைய மின்மாற்றியிலோ 2 ஆம்பியர்தான்.

சிம் லிம் டவரில் தேடியும் பொருத்தமானது அகப்படாததால், 230-0-230 வோல்ட் (நடுமுனையின் இருபுறமும் 230 வோல்ட் தரும்) உயரழுத்தச் சுற்றும் 3 ஆம்பியர் இழைச் சுற்றும் கொண்ட ஒன்றை, நம் மின்சாரத்துக்கென்றே சுற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். நண்பர்கள் பரிந்துரைத்த 275-0-275, அதை நேர்மின்சாரமாக்கும் டயோடுகளுக்குப் பின் சுமையின்றி 389 வோல்ட்டைத் தொடும். 300 வோல்ட்டை ஆனோடு (நேர்மின்வாய்) மின்னழுத்த வரம்பாகக் கொண்ட இஎல்84-ஐ அவ்வாறு வதைக்க எனக்கு மனமில்லை.