அருவருப்பையும் பயத்தையும் தாண்ட விசுவாசம் உங்களுக்கு உதவியிருக்கிறதா?

கேள்வி:
பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதுகில் படுக்கைப் புண். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இரண்டு மாதமாக நான்தான் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுகிறேன். முதல் நாள் நாற்றத்திலேயே கை நடுங்கிவிட்டது. வாசற்படியில் நின்று 23ஆம் சங்கீதத்தை முணுமுணுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நடுக்கம் நின்றது. அதைவிட வியப்பு, இப்போது அந்தப் பாட்டி எனக்குச் சொந்தப் பாட்டியாகவே ஆகிவிட்டார். உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

பதில் 1:
உங்களைப் படித்ததும் ஐடா ஸ்கடர் நினைவுக்கு வந்தார். இந்தியாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும், இங்கே தங்கவே விரும்பாத இளம்பெண் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் கிடந்த மனைவியரைக் காப்பாற்றும்படி அழைத்தார்கள். மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இரவெல்லாம் ஜெபித்தவர், அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு சிறு மருத்துவமனை தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை). 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் திறந்தார். அழைப்பு கதவைத் தட்டியபோது அவர் கையில் ஸ்டெதாஸ்கோப்கூட இல்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பதில் 2:
பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, எங்கள் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். ஒரு வருடம் அதில் என் அப்பாவும் இருந்தார். வயல் வேலையில் வெடித்த அவர் குதிகாலைத் துடைத்து முத்தமிட்டதைப் பார்த்து அழுதுவிட்டேன். அக்கா, பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி தம்பி. இன்றிரவே பாட்டியின் மகளிடமும் சொல்லிவிடுகிறேன்.